கம்பியில் இருந்த ஏழு பில்கள்

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரம். பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் லெபோ பசாரில் ஒரு மளிகை மொத்தக் கடை. மிளகாய், உளுந்து, முறுக்கு மாவு, நெய் டின் என்று ஐந்தடிப் பாதை வரைக்கும் சரக்கு. மாலை நாலே முக்காலுக்கு இடி இடித்துக் கரண்ட் போனது. ஆறு நிமிடத்தில் வந்துவிட்டது. சர்வரும் எழுந்தது. பில், ஸ்டாக் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் மட்டும் எழவில்லை. அதன் பெயருக்குப் பக்கத்தில் 'சஸ்பெக்ட்' (சந்தேகத்துக்குரியது) என்று விழுந்திருந்தது.

நான் எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு கணினி சர்வீஸ் நடத்துகிறேன். அந்தக் கடை அதுவரை எங்கள் வாடிக்கை இல்லை. அங்கே முப்பது வருடமாகக் கணக்கு பார்க்கும் அக்கா எங்கள் வீட்டுக்குப் பழக்கம், அவர்தான் கூப்பிட்டார். பாலத்தில் அந்நேரத்துக்குக் கார் நகராது என்பதால் மோட்டாரோடு ஃபெரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார், சரி என்றேன்.

முதலில் மெஷினைப் பற்றி. 2014-இல் வாங்கிய பழைய சர்வரை 2023 ஆகஸ்டில் மாற்றியிருக்கிறார்கள். புதியதில் சாதாரணக் கடைகளில் கிடைக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இரண்டு, ஒரே பிராண்டு, ஒரே மாடல். விண்டோஸே இரண்டையும் கண்ணாடிப் பிம்பமாக வைத்திருந்தது: ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். மேசைக்கு அடியில், கரண்ட் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யுபிஎஸ். அதன் பீப் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று யாரோ ஸ்பீக்கர் ஓட்டையில் செலோடேப்பை நாலு சுற்று ஒட்டியிருந்தார்கள். பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளோடு மாரடிக்கிறவர்களுக்கு 824 என்ற பிழை எண் நன்றாகத் தெரியும். டேட்டாபேஸ் தன் தரவைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கும்; எழுதியபோது இருந்த பக்கமும் இப்போது படிக்கும் பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பிழைப் பதிவில் அதுதான் இருந்தது. முந்தின இரவு பேக்கப் மாடியில் உள்ள பெட்டியில் பத்திரமாக இருந்ததால் பாதி உயிர் வந்தது. அன்றைய நாளின் பில்கள்தான் பிரச்சினை. டேட்டாபேஸை எமர்ஜென்சி நிலையில், படிக்க மட்டும் திறந்து பார்த்தோம். ஸ்டாக் அட்டவணையில் சில பக்கங்கள் கிழிந்திருந்தன. பில் அட்டவணை நன்றாக இருந்தது, அன்றைக்கு 373 பில். கடைசி எண் 48116.

அப்போது அக்கா எழுந்து பின்பக்கம் போனார். லோரி ஏற்றும் இடத்தில் ஒரு மரக்கட்டை, அதில் செங்குத்தாக ஒரு கம்பி. சரக்கு ஏறியதும் பில்லின் மஞ்சள் நகலை அதில் குத்தி வைப்பார்கள். கம்பியோடு தூக்கி வந்து மேசையில் வைத்தார். மேலே இருந்த நகலின் எண் 48123.

ஏழு பில்கள் காகிதத்தில் இருக்கின்றன, சர்வரில் இல்லை. மூன்று கவுண்டரிலும் கூட்டம் நிற்கும்போது ஏழு பில் என்பது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த பில்லிங் புரோகிராம் டேட்டாபேஸிடமிருந்து 'எழுதிவிட்டேன்' என்ற பதில் வந்த பிறகுதான் பிரிண்டருக்கே அனுப்பும். விற்ற கம்பெனியிடம் போனில் கேட்டு உறுதி செய்தேன். அப்படியானால் ஏழு முறை 'எழுதிவிட்டேன்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எழுதவில்லை.

யார் என்று நான் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "அண்ணே, மலிவு டிஸ்க். அதான் ஏமாத்திடுச்சு." இது தப்புத் தீர்ப்பு. அது தெரிய எனக்கு இரண்டரை வாரம் ஆனது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் அன்றைக்கு நடந்தது: நான் வருவதற்கு முன்பே போனில் "ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லியிருந்தேன். அவர்கள் ஆன் செய்ததும் விண்டோஸ் தன் வழக்கப்படி ஒரு டிஸ்கை எடுத்து இன்னொன்றின் மேல் நகலெடுக்கத் தொடங்கிவிட்டது. அழிந்த டிஸ்கில் அந்த ஏழு பில்லும் இருந்திருந்தால், அவற்றை அழித்தவன் நான்தான்.

சரி. அன்றிரவு பதினொன்றரைக்கு 373 பில்லை எடுத்து, ஏழை அக்கா கையால் அடித்து, கடை மறுநாள் காலை திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சண்டை ஆரம்பித்தது.

ஆயுள் சண்டை

முதலாளிக்கு அறுபத்துநாலு வயது. அவர் மகன் கணக்கியல் படித்தவன், ஆன்லைனில் விலை பார்த்து அந்த டிஸ்குகளை வாங்கியவன். அவனுடைய சித்தப்பா மகன் ஒருவன் பெருநிலப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் ஒரு ஆலையில் டெஸ்டிங் பார்க்கிறான். சனிக்கிழமை இரவு கடை அடைத்த பிறகு இவர்கள் எல்லாரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, தே தாரேக் வாங்கி வைத்துக்கொண்டு பேசியதுதான் என் 'ஆலோசனைக் கூட்டம்'.

"ஹார்டு டிஸ்க் பத்து வருஷம் ஓடுச்சு தம்பி. இது பதினாலு மாசம் தாங்கல. தேஞ்சு போற சாமானை எதுக்கு வாங்கினோம்?" என்றார் முதலாளி.

இந்தக் கேள்வியைத் தீவு முழுக்கக் கேட்கிறார்கள், தீவுக்கு வெளியேயும். எஸ்எஸ்டி தேயும் என்பது உண்மைதான். 1987-இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு, எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நினைவகச் சிப்பான நான்ட் ஃபிளாஷை அறிமுகப்படுத்தியதிலிருந்து அடிப்படை மாறவில்லை: ஒரு நுண்ணிய அறைக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிச் சிறை வைக்கிறோம், ஒவ்வொரு முறை தள்ளும்போதும் இழுக்கும்போதும் சுவர் கொஞ்சம் பழுதாகிறது. ஆரம்பத்தில் ஒரு அறைக்கு ஒரு பிட் (எஸ்எல்சி). இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். இரண்டு பிட் (எம்எல்சி) என்றால் நான்கு நிலை, மூன்று பிட் (டிஎல்சி) என்றால் எட்டு, நான்கு பிட் (க்யூஎல்சி) என்றால் பதினாறு. அதே சுவர்களுக்குள் பதினாறு அளவுக்கோடு போட்டுப் படிக்க வேண்டும் என்றால் சிறு கசிவும் தப்பாகிவிடும். அதனால் டிஎல்சி, க்யூஎல்சி என்று விலை இறங்க இறங்க, தாங்கும் தடவைகளும் இறங்கின. இதை வைத்துத்தான் "பிசினஸுக்கு க்யூஎல்சி தொடவே கூடாது" என்று ஒரு கட்சியும், "யார் அவ்வளவு எழுதுகிறார்கள்?" என்று இன்னொரு கட்சியும் பல வருடங்களாக மோதிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு வாதத்தைவிட அளந்து பார்ப்பது பிடிக்கும். டிஸ்கிடமே கேட்டால் தன் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்லும். பதினாலு மாதத்தில் அதில் எழுதப்பட்டது 11 டிபி (ஒரு டிபி ஆயிரம் ஜிபி). ஒரு நாளைக்கு 26 ஜிபி. அதிலும் பாதி, ராத்திரி பேக்கப் கோப்பு முதலில் அதே டிஸ்கில் விழுந்து பிறகு மாடிக்குப் போவதால் வந்தது. அந்த மாடலுக்கு உத்தரவாதத்தில் போட்டிருந்தது 300 டிபி. கணக்குப் போட்டால் 31 வருடம். டிஸ்கின் சொந்தக் கணிப்பில் ஆயுள் 94 விழுக்காடு மிச்சம். எழுதியது உத்தரவாதத்தில் நாலு விழுக்காடுகூட இல்லை, தேய்மானம் ஆறு என்கிறதே என்று மகன் கவனித்துவிட்டான். கூர்மையான பையன். நாம் எட்டு கேபி எழுதச் சொன்னால் உள்ளே அதைவிடக் கூடுதலாக எழுதப்படும். ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிப்பது பல எம்பி கொண்ட பிளாக்காக மட்டுமே. அதனால் மாற்றிய பக்கத்தைப் புது இடத்தில் எழுதிவிட்டு, பிறகு ஓய்வு நேரத்தில் நல்ல பக்கங்களை ஒதுக்கிப் பழைய பிளாக்கை அழிக்கிறது. சின்னச் சின்னதாக அடிக்கடி எழுதும் டேட்டாபேஸில் இந்த உள்வேலை இன்னும் கூடும்.

512 ஜிபி, 480 ஜிபி என்று இரண்டு விதமாக விற்கிறார்களே, அதன் சூட்சுமமும் இதுதான். இரண்டிலும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் ஒன்றே. 512 என்று விற்பதில் சுமார் 7 விழுக்காடு உள்வேலைக்கு மிச்சம். 480 என்று விற்பதில் இரண்டு மடங்கு.

பிஞ்சில் இருந்த டிஸ்க் தேய்ந்து செத்தது என்று சொல்ல முடியாது என்பது இத்தனைக்கும் பிறகு முதலாளிக்குப் புரிந்தது. 2016-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும், கூகுளின் சொந்த டேட்டா சென்டர்களில் ஆறு வருடம் ஓடிய டிஸ்குகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையும் இந்த பயத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. அதில், விலை கூடிய எஸ்எல்சி டிஸ்குகள் எம்எல்சியைவிட நம்பகம் என்று தெரியவில்லை. எவ்வளவு எழுதினோம் என்பதைவிட டிஸ்கின் வயது முக்கியமாகத் தெரிந்தது. ஹார்டு டிஸ்கைவிட எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்ற வேண்டிய தேவை குறைவு, ஆனால் திருத்த முடியாத பிழைகள் தலைகாட்டுவது அதிகம். இந்தக் கடைசி வரியைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

சிட்டையும் பேரேடும்

தேய்மானம் இல்லை என்றால் பிறகு என்ன? கரண்ட் போன அந்த நொடியில் டிஸ்குக்குள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

இதை நான் விளக்கத் திணறிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கே வந்தார். அவருடைய அப்பா லெபோ பினாங்கில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். "அப்பா சொல்வாரு. பகல் முழுக்கச் சிட்டையில எழுதிக்கிட்டே இருப்பாங்க, ராத்திரி உட்காந்து பேரேட்டுல ஏத்துவாங்க. ஏத்தறதுக்கு முன்னாடி சிட்டை தண்ணியில விழுந்தா அன்னிக்கு வியாபாரம் போச்சு. அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான். இந்த மாதிரி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்குள் வேகமான டிராம் (DRAM) நினைவகம் ஒன்று இருக்கிறது, 1 டிபிக்கு ஏறக்குறைய 1 ஜிபி என்ற விகிதத்தில். எழுத வரும் தரவு முதலில் அங்கே விழும். எந்தத் தரவு ஃபிளாஷில் எந்த மூலையில் இருக்கிறது என்ற வரைபடமும் அங்கேதான். இரண்டும் அவ்வப்போதுதான் ஃபிளாஷுக்கு இறங்கும். கரண்ட் போனால் டிராம் வெறுமை. தரவு ஃபிளாஷில் சேர்ந்திருந்தாலும், வரைபடத்தின் கடைசிப் பகுதி போய்விட்டால் அது எங்கே இருக்கிறது என்று டிஸ்குக்கே தெரியாது. இன்னும் மோசமானது ஒன்று உண்டு: ஒரு அறையில் இரண்டு மூன்று பிட்டுகளை வைப்பதால், புது பிட்டை எழுதும் பாதியில் கரண்ட் போனால் அதே அறையில் எப்போதோ எழுதிய பழைய பிட்டும் கெடலாம். நேற்றைய கணக்கே கிழியலாம் என்று அர்த்தம்.

இதற்காகத்தான் டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லுக்கும் டிஸ்கிடம் "சிட்டையில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றிவிட்டுச் சொல்" என்று ஒரு கட்டளை அனுப்பும். ஃப்ளஷ் என்பார்கள். டிஸ்க் ஏற்றிவிட்டுப் பதில் சொன்னால் பிரச்சினை இல்லை. ஏற்றாமலே பதில் சொல்லும் டிஸ்குகளும் உண்டு. 2013-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்எஸ்டிகளைத் திரும்பத் திரும்பக் கரண்டைப் பிடுங்கிச் சோதித்தன. 13 டிஸ்குகளில் ஏதோ ஒரு வகைக் கேடு. இந்தக் கட்டுரை ஞாபகத்தில் இருந்ததால்தான் நான் அன்றைக்கு அவ்வளவு சீக்கிரம் டிஸ்கைக் குற்றம் சொன்னேன்.

சர்வருக்கென்று விற்கப்படும் எஸ்எஸ்டிகளில் இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது, பார்த்தால் சிரிப்பு வரும். பத்து காவான் தம்பி அன்றைக்கு ஒன்றைத் திறந்து காட்டினான். பலகையின் ஓரத்தில் மாத்திரை அளவில், மஞ்சளாக, வரிசையாகச் சில கெபாசிட்டர்கள். கரண்ட் போன பிறகும் டிஸ்கைச் சில நொடித்துளிகள் உயிரோடு வைத்திருக்கும் அளவு மின்சாரம் அவற்றில் இருக்கிறது. சிட்டையை பேரேட்டில் ஏற்ற அது போதும். சாதாரணக் கடை டிஸ்கில் அந்த இடம் காலி.

"யுபிஎஸ் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்றான் மகன். நான் செலோடேப்பைக் காட்டினேன். பேட்டரி நன்றாக இருந்தாலும் யுபிஎஸ் காப்பது சுவரில் வரும் கரண்டை மட்டும். மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை எரிந்தாலோ, பெருக்க வந்தவர் வயரில் காலை மாட்டினாலோ, யுபிஎஸ் பச்சை விளக்கோடு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இதுவரைக்கும் வழக்கமான பாடம்தான்: மலிவு டிஸ்க் வாங்கினார்கள், கெபாசிட்டர் இல்லை, போனது. நானும் அப்படியே அறிக்கை எழுதி முடித்திருப்பேன். ஆனால் அக்கா சும்மா ஒரு வார்த்தை சொன்னார். "புது மெஷின் வந்தப்ப ரொம்ப ஸ்லோ தம்பி. அப்புறம் அந்தாளு வந்து என்னமோ பண்ணிச் சரி பண்ணிட்டாரு."

ஸ்லோவா? எஸ்எஸ்டியா?

ஒரு டிக்

பழைய சர்வர் மாடியில் துணி மூடிக் கிடந்தது. திறந்து பார்த்தேன். நாலு ஹார்டு டிஸ்க், நடுவில் அவற்றைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் ஒரு ரெய்டு கார்டு, கார்டின் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிட்டது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்கு மேல் ஆகும்; ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் காத்திருந்தால் கடை ஓடாது. அந்த கார்டு தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "ஆச்சு" என்று சொல்லிவிடும். கரண்ட் போனால் பேட்டரி அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். ஒன்பது வருடம் இந்தக் கடையின் கணக்கு அந்தத் தீப்பெட்டியின் தயவில்தான் நின்றது. மெஷின் மாற்றும்போது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கைமாற்றினார்கள். அந்த பேட்டரியின் வேலையை யாரிடம் ஒப்படைத்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிய மெஷினில் ரெய்டு கார்டு இல்லை. டிஸ்கில் கெபாசிட்டர் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஃப்ளஷும் உண்மையாகவே ஃபிளாஷ் வரை போய்த் திரும்ப வேண்டும். சோதனை மேசையில் அளந்தபோது அந்த டிஸ்க் ஃப்ளஷோடு வினாடிக்கு 430 முறைதான் எழுதியது. பெட்டியில் அச்சடித்திருந்த பெரிய எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த எண்கள் ஃப்ளஷ் இல்லாமல், பல எழுதும் வேலைகளை ஒரே நேரத்தில் திணித்து எடுத்தவை.

அந்த பில்லிங் புரோகிராமுக்கு ஒரு கெட்ட பழக்கம் வேறு. மாதக் கணக்கு முடிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக கமிட் ('இதை நிலையாக எழுது' என்ற கட்டளை) போடும். மாதத்துக்கு ஏறக்குறைய நாலு லட்சம் வரி. 430-ஆல் வகுத்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஃப்ளஷுக்காக மட்டுமே காத்திருப்பு. பழைய மெஷினில் ஏழு நிமிடத்தில் முடிந்த வேலை புது எஸ்எஸ்டியில் இருபது நிமிடம் ஆனது. முதலாளி கத்தியிருப்பார், கத்தியும் இருக்கிறார்.

மெஷினை வைத்துக் கொடுத்தவர் வந்து செய்த 'என்னமோ' இதுதான்: விண்டோஸில் டிஸ்கின் பாலிசி பக்கத்தில் இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக். இந்த டிஸ்குக்கு ஃப்ளஷ் கட்டளையை அனுப்பவே வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு டிஸ்குக்கும் போட்டிருந்தார். மாதக் கணக்கு நாலு நிமிடத்துக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். டேட்டாபேஸ் வழக்கம்போல "ஏற்றிவிட்டுச் சொல்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, விண்டோஸ் அதை டிஸ்குக்குச் சொல்லாமலே "ஆச்சு" என்று பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது. பதிமூன்று மாதம்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டத்துக்குக் கீழேயே விண்டோஸ் எச்சரிக்கை போட்டிருக்கிறது: கரண்ட் போனாலும் டிஸ்க் தன் இடைச்சேமிப்பை எழுதி முடிக்கும்படி அதற்குத் தனி மின்சாரம் இருந்தால் ஒழிய இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று. மேசைக்கு அடியில் யுபிஎஸ் இருந்தது. தனி மின்சாரம் என்பதற்கு அவர் அதைத்தான் நினைத்திருப்பார். அன்றைக்கு அதன் பேட்டரியும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் எஸ்எஸ்டி விவாதங்கள் எனக்குச் சலிப்புத் தட்டுகின்றன. கெபாசிட்டர் உள்ள டிஸ்கைப் பாதுகாப்புக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் காப்புறுதி என்று பேசுகிறார்கள். காப்புறுதி என்றதும் வியாபாரி "பார்க்கலாம்" என்பார். உண்மையில் அது வேகத்துக்கான சாமான். கெபாசிட்டர் உள்ள டிஸ்கில் டிராமில் விழுந்ததுமே "ஆச்சு" என்று சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. நான் அளந்தபோது அப்படிப்பட்ட ஒரு டிஸ்க் ஃப்ளஷோடு வினாடிக்கு 15,800 முறை எழுதியது. பழைய டிஸ்க் டிக் போட்ட நிலையில் எழுதியது 17,000 முறை. கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் நாளே அந்த டிஸ்கைப் போட்டிருந்தால் யாருக்கும் டிக் போடத் தோன்றியே இருக்காது. இரண்டுக்கும் சேர்த்து விலை வித்தியாசம் அந்தக் கடையில் ஒரு மூட்டை ஏலக்காய் விலைகூட வராது.

இரட்டையர் வேண்டாம்

புது டிஸ்குகள் வாங்கும்போது இரண்டு வெவ்வேறு நிறுவனத்துடையதாக எடுக்கச் சொன்னேன். மகனுக்குப் பிடிக்கவில்லை. ஒரே மாடல் என்றால்தான் ஒத்துப்போகும், கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள் என்றான். ஹார்டு டிஸ்க் காலத்துப் பழக்கம் அது. எஸ்எஸ்டியில் பாதி டிஸ்க் என்பதே ஃபர்ம்வேர், அதாவது டிஸ்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள். 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு விட்டது: குறிப்பிட்ட சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், தரவும் போகும், டிஸ்கும் போகும், உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்று. 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. ஓடிய மணியை எண்ணும் இடத்தில் 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய பெட்டியை வைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரே நாளில் ஒரே சர்வரில் மாட்டிய டிஸ்குகள் ஒரே மணியில் செத்தால் கண்ணாடிப் பிம்பம் எதைக் காக்கும்? அடுத்த மார்ச்சில் 40,000 மணி என்று இன்னொரு அறிவிப்பும் வந்தது.

பத்து காவான் தம்பி இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் ஊர்ப் பெருமை பேசுகிறவன். இன்டெல் 1972-இல் பினாங்குக்கு வந்ததிலிருந்து ஆரம்பிப்பான். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018-இல் பெட்டாலிங் ஜெயாவின் ஹார்டு டிஸ்க் ஆலையை மூடப்போவதாகச் சொன்ன அதே மூச்சில் பினாங்கில் இரண்டாவது எஸ்எஸ்டி ஆலை தயாராகிறது என்று சொன்னதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறான். "டிஸ்க் செய்யற ஊருல டிஸ்க் பிரச்சினைன்னா வெளியில சிரிப்பாங்கண்ணே" என்றான். பத்து காவானுக்கும் லெபோ பசாருக்கும் நடுவில் ஒரு பாலம்தான், ஆனால் ஆலையில் சோதிக்கப்படுவதும் கடையில் நடப்பதும் வேறு வேறு.

மகனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. வருமான வரிச் சட்டப்படி கணக்கை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் வரித்துறையின் இ-இன்வாய்ஸ் (மின்னணு பில்) முறையும் அவர்கள் தலைக்கு வருவதாக இருந்தது. அதனால் பழைய கணக்கையெல்லாம் ஒரு எஸ்எஸ்டியில் போட்டு மாடி இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். மின்சாரம் இல்லாமல் வைத்தால் அறைக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும், வெயில் கூடக் கூட வேகமாக. சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை சாதாரண டிஸ்குக்குக் கேட்பது 30 டிகிரியில் ஒரு வருடம், சர்வர் டிஸ்குக்கு 40 டிகிரியில் மூன்று மாதம். இதைப் படித்துவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்தால் மூன்று மாதத்தில் காலி என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. உத்தரவாத அளவு முழுக்க எழுதித் தேய்ந்த டிஸ்குக்கான கணக்கு அது. புது டிஸ்க் அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனாலும் ஜார்ஜ் டவுன் கடைவீட்டின் ஓட்டுக்கு அடியில், மத்தியானத்தில் கை வைக்க முடியாத இரும்பு அலமாரியில், ஏழு வருடத்துக்கு ஃபிளாஷை நம்ப நான் தயாரில்லை. இரண்டு ஹார்டு டிஸ்கும் ஒரு கிளவுட் நகலும் என்று முடிந்தது.

பிளக்கைப் பிடுங்கிய ஞாயிறு

தீபாவளி கழிந்து முதல் ஞாயிறு கடைக்கு விடுமுறை. அந்த டிஸ்குகளை நான் குற்றம் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. சோதனை எளிது. ஒரு மெஷின் 1, 2, 3 என்று வரிசை எண்ணை எழுதி, ஒவ்வொன்றையும் ஃப்ளஷ் செய்து, "ஆச்சு" என்று வந்ததும் அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக என் லேப்டாப்புக்கு அனுப்பும். நடுவில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மெஷின் எழுந்ததும் அதில் உள்ள கடைசி எண் லேப்டாப்பில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் பொய் சொல்லப்பட்டிருக்கிறது.

முதலில் பழைய டிஸ்க், டிக் போட்டபடி. பத்து முறை பிடுங்கினோம், ஆறு முறை எண்கள் தொலைந்திருந்தன. ஒரு முறை நாற்பது வினாடி எழுதியது மொத்தமும் இல்லை.

அடுத்து அதே டிஸ்க், டிக்கை எடுத்துவிட்டு. முதலாளியே பிடுங்குகிறேன் என்று வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு முறையும் "புடுங்கட்டா?" என்று கேட்டுவிட்டுப் பிடுங்கினார். லேப்டாப்பில் 9,411, டிஸ்கில் 9,412. லேப்டாப்பில் 6,038, டிஸ்கில் 6,038. பத்து முறையும் ஒன்றுகூடத் தொலையவில்லை. மெதுவாக எழுதியது, ஆனால் சொன்னதையெல்லாம் எழுதியிருந்தது.

"அப்ப இந்த டிஸ்க் ஒண்ணும் பண்ணல?"

"பண்ணலண்ணே. நான்தான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்."

புது டிஸ்குகளும் பத்துக்குப் பத்து தேறின. பழைய இரண்டையும் கவுண்டர் மெஷின்களில் மாட்டிவிட்டோம். அங்கே டேட்டாபேஸ் இல்லை, அவை அங்கே பல வருடம் ஓடும். பேக்கப் இப்போது நேரே மாடிக்குப் போகிறது, மணிக்கு ஒரு முறை டேட்டாபேஸின் மாற்றப் பதிவு (லாக்) மட்டும் தனியாக. மாதக் கணக்கு நாலரை நிமிடம். வரிக்கு வரி கமிட் போடும் பழக்கத்தை மாற்றச் சொல்லி பில்லிங் கம்பெனிக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன், அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டு, யுஎஸ்பி வயரால் சர்வரோடு இணைத்து, கரண்ட் போனால் தானாக நிறுத்தும்படி வைத்தேன். செலோடேப்பைப் பிய்க்க அரை மணி நேரம் ஆனது. அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று அக்கா கேட்டார். 2027 நவம்பர் என்றேன். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது 2024-ஓடு முடிகிறது. மேசை இழுப்பறையிலிருந்து தன் நீளமான கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'நவம்பர் 2027, பேட்டரி' என்று மையில் எழுதி, காய்கிறதா என்று ஊதிப் பார்த்து மூடி வைத்தார்.